சங்கத்துப் படங்களுக்குப் பெயரும் விளக்கமும்

நமது சங்கங்களிற் பல இந்நாளில் இணையத்தளங்களை அமைத்துக்கொண்டிருக்கின்றன. தனித்தளம் வைக்க வசதியில்லாத சங்கங்களும் தங்கள் சரக்கின் படங்களைப் பிறர் நடத்தும் விற்பனைத் தளங்களில் இடம்பெறச் செய்கின்றன. சின்னாளபட்டிச் சேலையைச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் வீட்டிலிருந்தபடியே பார்த்து வாங்க முடிகிறது. சேவுகம்பட்டி, பட்டிவீரன்பட்டிப் பக்கத்து வாழைத்தாரையும் தேங்காயையும் வெளியூர் வியாபாரி படத்திற் கண்டு விலை பேசுகிறார். இவ்வளர்ச்சி வரவேற்கத்தக்கதே. ஆயினும் இப்படங்களை வெளியிடும் முறையில் ஒரு பெருங்குறை நெடுநாளாக இருந்து வருகிறது. அதனை அங்கத்தினர்களும் நிர்வாகக் குழுவினரும் ஊன்றிக் கவனிக்க வேண்டுமென்பது நமது கருத்து.

ஆய்வின்பொருட்டுச் சங்கங்களுக்குச் செல்லுங்கால், கணக்குப் புத்தகங்களோடு கூடச் சங்கத்தின் இணையப் பக்கத்தையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நமது வழக்கம். பெரும்பாலான பக்கங்களில் நாம் காண்பது என்ன? படம் அழகாக இருக்கிறது. ஆனால் அப்படத்தின் கோப்புக்கு இடப்பட்டுள்ள பெயர் ‘ஐஎம்ஜி-20250117-டபிள்யூஏ0031’ என்று இருக்கிறது. கைப்பேசி தானே இட்ட பெயர் அது. எழுத்தர் அதனை வாட்ஸ்ஆப்பில் பெற்று, அப்படியே தளத்தில் ஏற்றிவிட்டார். படத்திற்குரிய விளக்கத்தை எழுதுவதற்கென்று தளத்தில் ஒரு கட்டம் உண்டு. அதற்கு மாற்றுரை என்று பெயர். அக்கட்டம் வெறுமையாகவே விடப்பட்டிருக்கிறது. சில இடங்களில் ‘படம்’ என்றும், ‘அழகிய சேலை’ என்றும் எழுதியிருக்கிறார்கள். அதுவும் வெறுமையோடு ஒன்றுதான்.

மாற்றுரை யாருக்குப் பயன்படுகிறது என்று அங்கத்தினர் பலர் கேட்பர். கண்பார்வை இல்லாதவர்களும், பார்வை மிகக் குறைந்தவர்களும் கணினியிலும் கைப்பேசியிலும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையைக் கொள்கிறார்கள். அது திரையிலுள்ள எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘டாக்பேக்’ என்னும் வசதி அதனுடனேயே வருகிறது. கணினிக்கு ‘என்.வி.டி.ஏ.’ என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவிற் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006-ஆம் ஆண்டிற் தொடங்கிய முயற்சி அது. தமிழையும் இவை படிக்கின்றன. எழுத்தைப் படிக்கும் இக்கருவி படத்தை அடைந்ததும், அதற்கு மாற்றுரை எழுதப்பட்டிருந்தால் அதனைப் படிக்கும். எழுதப்படாவிடில் ‘படம்’ என்று மட்டும் கூறும். அல்லது கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாகவும் எண்ணெண்ணாகவும் ஒப்பிக்கத் தொடங்கும். சேலையின் நிறமென்ன, கரை எத்தகையது, விலை யாதென அறிய வந்தவர் ‘ஐ, எம், ஜி, இரண்டு, பூஜ்யம், இரண்டு, ஐந்து’ என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்த ஏற்பாடு புதிதாக வந்ததன்று. இணையப் பக்கத்திற் படத்தைச் சேர்க்கும் வழி 1993-ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்டது. 1995-இல் வகுக்கப்பட்ட விதியிலேயே மாற்றுரைக்கு இடம் தரப்பட்டுவிட்டது. 1997-இல் அது கட்டாயமாக்கப்பட்டது. உலகளாவிய வலைச் சேர்த்தியம் 1999-இல் வெளியிட்ட அணுகல் நெறிகளில் இதுவே முதல் நெறி. 2008, 2018, 2023 ஆகிய ஆண்டுகளில் வந்த பதிப்புகளிலும் அது முதலிடத்திலேயே நிற்கிறது. ஆக, நாம் கால் நூற்றாண்டுக்கு மேல் பின்தங்கியிருக்கிறோம் என்பது பொருள்.

சரக்கின் படம் ஒருபுறம் இருக்கட்டும். அதைவிடக் கவலைக்குரியது அறிவிப்புகளின் நிலை. மகாசபைக் கூட்ட அறிவிப்பு, பங்கு ஈவுத்தொகை விவரம், பயிர்க்கடன் பற்றிய சுற்றறிக்கை, நூல் வழங்கும் தேதி, பூ, காய்களின் அன்றாட விலை ஆகிய யாவும் தாளில் தட்டச்சாகி, முத்திரையிடப்பட்டு, கைப்பேசியாற் படமெடுக்கப்பட்டு வெளியாகின்றன. கண்ணுள்ளவருக்கு அது எழுத்து. திரைவாசிப்பானுக்கு அது ஒரு படம். அதிலுள்ள ஓரெழுத்தும் அதற்குத் தெரியாது. ஓர் அங்கத்தினர்க்கு ஒரு வாக்கு என்பது கூட்டுறவின் அடிப்படை. கூட்டம் என்றைக்கு, எவ்விடத்தில், எந்தப் பொருள் பற்றி என்பதையே அறிய முடியாத அங்கத்தினர்க்கு அவ்வாக்கு இருந்தும் என்ன பயன்? பிறர் படித்துச் சொல்வார்கள் என்பது விடையாகாது. தன் கடன் பாக்கி எவ்வளவு என்பதை அடுத்த வீட்டாரிடம் கேட்டறியும் நிலைக்கு எந்த அங்கத்தினரையும் சங்கம் தள்ளலாகாது. அறிவிப்பை எழுத்தாகவே பக்கத்தில் இட்டுவிட்டு, முத்திரையிட்ட தாளின் படத்தை வேண்டுமாயின் அதன்கீழ் சேர்த்துக்கொள்ளலாம்.

எழுத்தாக இடும்போதும் ஒன்றைக் கவனித்தல் அவசியம். ஒருங்குறிக்கு முற்பட்ட பழைய எழுத்துருக்களில் இன்னும் சில சங்கங்கள் தட்டச்சுச் செய்கின்றன. அவை திரையில் தமிழாகத் தோன்றினும் கருவிக்குப் பொருளற்ற குறிகளே. தமிழக அரசு 2010-ஆம் ஆண்டிலேயே ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்துவிட்டது. சங்க அலுவலகத்தில் பழைய எழுத்துருவை வைத்துக்கொண்டிருப்பதற்குப் பழக்கம் தவிர வேறு காரணம் எதையும் நாம் காணவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் நிர்வாகிகள் தெரிந்திருத்தல் நன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களிலுள்ள உள்ளடக்கம் யாவும் அணுகத்தக்க வடிவில் இருக்க அரசு வகைசெய்ய வேண்டுமென்று அதன் 42-ஆவது பிரிவு கூறுகிறது. சேவை வழங்குவோர் அரசுத் துறையினராயினும் தனியாராயினும் அணுகல் விதிகளுக்குட்பட வேண்டுமென்பது 46-ஆவது பிரிவு. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 2024 நவம்பர் 8-ஆம் நாள் தீர்ப்பளித்தது. அணுகல் நெறிகளை வெறும் பரிந்துரைகளாக விட்டுவைத்த 15-ஆவது விதி சட்டத்திற்கு முரணானது என்றும், கட்டாயமான விதிகளை வகுக்க வேண்டுமென்றும் அத்தீர்ப்பு கூறிற்று. 2025 ஏப்ரல் 30-ஆம் நாள் வழங்கிய மற்றொரு தீர்ப்பில், மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று அந்நீதிமன்றமே உரைத்திருக்கிறது. சட்டம் துரத்தி வரும்வரை காத்திருப்பது கூட்டுறவாளர்க்கு அழகன்று.

நம் சங்கத்தில் பார்வையற்றோர் ஒருவரோ இருவரோதானே என்று கூறுவோர் உண்டு. 2011-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கின்படி நாட்டிற் பார்வைக் குறைபாடுடையோர் 50 இலட்சத்திற்கு மேற்பட்டவர். அவர்களுள் வாங்குவோர் இல்லையா? மேலும், நெசவாளரின் கண்ணைப் பற்றி நெசவாளர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை. நாற்பது வயதுக்கு மேல் இழை கோப்பதற்குப் பேரப்பிள்ளையை அழைக்காத வீடு எது? கண்புரையும் சர்க்கரை நோயால் வரும் விழித்திரைக் கோளாறும் நம் ஊர்களில் அரியன அல்ல. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று எத்துணைப் பெரிதாக வளர்ந்திருக்கிறதென்பதை, அங்குச் சென்று திரும்பிய அங்கத்தினர்களே கூறுவர். பார்வை மங்கிய காலத்திற் கைப்பேசி வாய்விட்டுப் படித்துக் காட்டுமாயின் அது எத்தனை முதியவர்க்கு உதவும்! அன்றியும், இணைய வேகம் குறைந்த இடங்களில் படம் திறவாதபோது அவ்விடத்தில் மாற்றுரையே தோன்றும். மலையடிவாரத் தோட்டத்தில் நின்றுகொண்டு விலைப்பட்டியலைத் திறக்க முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இங்கு நம் பெரியவர்களின் வழக்கமொன்று நினைவுக்கு வருகிறது. பழைய சங்கங்களின் அலுவலகச் சுவர்களில், ஆண்டு விழாவில் எடுத்த குழுப்படங்கள் சட்டமிட்டுத் தொங்குவதை அங்கத்தினர் பார்த்திருப்பீர்கள். படத்தின் கீழ் அட்டையில், ‘அமர்ந்திருப்போர், இடமிருந்து வலமாக’ என்றும், ‘நிற்போர், முதல் வரிசை’ என்றும் தலைப்பிட்டு, தலைவர், காரியதரிசி, பொருளாளர் முதற்கொண்டு கடைக்கோடியில் நிற்கும் கடைநிலை ஊழியர்வரை பெயர் எழுதியிருப்பார்கள். படத்திலுள்ளவர் அனைவரும் மறைந்துவிட்ட பிறகும் யார் யாரென்று இன்று நம்மாற் சொல்ல முடிகிறது. அவ்வளவு பொறுப்போடு படத்திற்குப் பெயரெழுதிய சங்கங்களே இன்று ஆண்டொன்றுக்கு ஆயிரம் படமெடுத்து, ஒன்றிற்கும் பெயரிடாமல் விடுகின்றன. சென்ற ஆண்டு மகாசபைப் படத்தில் மேடையிலிருப்பவர் யார் என்று கேட்டால் எழுத்தரே விழிக்கிறார்.

சரக்குக்குச் சீட்டுக் கட்டுவதிலும் நமக்குப் பழக்கம் உண்டு. 1935-ஆம் ஆண்டிற் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம், சென்ற பத்தாண்டுகளில், சேலையோடு நெய்தவரின் படமும் பெயரும் தாங்கிய அட்டையை இணைத்து விற்றது. அது வாங்குவோரின் மனத்தைக் கவர்ந்தது. துணியோடு அட்டை செல்வதுபோலத்தான் படத்தோடு மாற்றுரை செல்லவேண்டும் என்கிறோம்.

இனி அதனை எழுதும் வகை. சுங்குடியையே எடுத்துக்கொள்வோம். துணியிற் சிறு சிறு முடிச்சுகளிட்டுச் சாயத்தில் தோய்த்து, உலர்ந்தபின் முடிச்சை அவிழ்த்துப் புள்ளி வரச்செய்வது கட்டுச் சுங்குடி. மதுரையில் சௌராஷ்டிர மக்கள் வளர்த்த கலை இது. மெழுகச்சினாலும் திரையச்சினாலும் அதே புள்ளிகளைப் பதித்து வரும் சேலைகளும் சுங்குடி என்ற பெயரிலேயே விற்கின்றன. படத்தைப் பார்த்து இரண்டையும் வேறுபடுத்தல் பழகிய கண்ணுக்கும் கடினம். விலையிலோ பெரிய வேறுபாடு. ஆகவே ‘சுங்குடிச் சேலை’ என்று எழுதினால் போதாது. ‘அரக்கு நிறப் பருத்திச் சேலை, உடல் முழுதும் கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றிய வெண்புள்ளிகள், இரு விரற்கடை அகலப் பச்சைக் கரை, முந்தியில் மூன்று சரிகைக் கோடுகள்’ என்று எழுதினால் பார்வையற்றவரும் சேலையை மனத்தில் விரித்துப் பார்த்துவிடுவார். பார்வையுள்ளவரும் இதனாற் பயனடைவார் என்பதைச் சொல்லவேண்டுமோ? படத்தில் நிறம் சற்று மாறித் தோன்றும் தொல்லை எல்லோரும் அறிந்ததே; அரக்கு என்று எழுத்தில் இருந்தால், சிவப்பு என்று நினைத்து வாங்கிச் சேலையைத் திருப்பியனுப்புவோர் தொகையும் குறையும்.

இவ்வுரை பொய் கூறலாகாது. விசைத்தறித் துணியின் படத்திற்குக் கைத்தறி என்று எழுதுவது, துணிக்கே பொய் முத்திரை குத்துவதற்குச் சமம். கைத்தறி முத்திரைத் திட்டம் 2006-இல் வந்ததன் நோக்கமே அத்தகைய ஏமாற்றைத் தடுப்பது. இணையத்தில் எழுதுவதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று எண்ணிப் புகழ்ச்சிச் சொற்களை அடுக்குவோரும் உள்ளனர். ‘மனத்தைக் கவரும் எழில்மிகு பாரம்பரியப் பட்டு’ என்று கருவி படித்துக் காட்டும்போது, கேட்பவருக்கு நிறமும் தெரியவில்லை, நூலும் தெரியவில்லை. அது பட்டா, செயற்கைப் பட்டா என்பதுகூடத் தெரியவில்லை. சின்னாளபட்டியைப் பொறுத்தவரை கடைசியில் சொன்னது முக்கியமான கேள்வி.

விவசாய அங்கத்தினர்க்கும் இது பொருந்தும். ‘வாழைப்பழம்’ என்று மட்டும் எழுதிய படத்தால் யாருக்கு என்ன லாபம்? சிறுமலை வாழைக்கும் விருப்பாட்சி வாழைக்கும் 2008–09-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு விருப்பாட்சிப் பழமே உகந்ததென்பது ஊரறிந்தது. மதுரை மல்லி 2013-இல் அக்குறியீட்டைப் பெற்றது. அதன் விளைநிலப் பரப்பில் நமது மாவட்டமும் அடங்கும். நிலக்கோட்டைச் சந்தைக்கு வரும் மல்லிகையை ‘பூ’ என்று பெயரிட்டு ஏற்றிவிட்டு, வெளியூரார் தேடி வரவில்லையே என்று வருந்துவது என்ன நியாயம்? அய்யம்பாளையம் நெட்டை என்னும் தென்னையினத்தை நாடி விதைத்தேங்காய் வாங்க வருவோர் அப்பெயரைச் சொல்லித்தான் இணையத்தில் தேடுவார்கள். பெயரெழுதாத படம் அவர்கள் தேடலில் அகப்படுவது அரிது.

சேவுகம்பட்டியில் தை மாதத்திற் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறைவிடும் திருவிழா நடைபெறுகிறது. கூடை கூடையாகப் பழங்களைக் கொணர்ந்து மேலிருந்து வீச, கீழே நிற்கும் கூட்டம் ஏந்திப் பிடிக்கும் காட்சியை ஆண்டுதோறும் பலர் படமெடுத்து வெளியிடுகிறார்கள். அப்படத்திற்கு ‘திருவிழா’ என்று எழுதினால் எல்லாத் திருவிழாவும் அதில் அடங்கிவிடும். ‘சேவுகம்பட்டி சோலைமலை அழகர் பெருமாள் கோயிலின் முன் திரண்ட மக்கள், மேலிருந்து வீசப்படும் வாழைப்பழங்களைக் கைநீட்டிப் பிடிக்கிறார்கள்’ என்று எழுதினால், பார்வையற்ற வாழை விவசாயி ஒருவர் தம் தோட்டத்துப் பழமும் அதில் பறப்பதாக எண்ணி மகிழ இடமுண்டு. ஒன்றிரண்டு வாக்கியங்களே போதும். படத்திலுள்ள ஒவ்வொரு தலையையும் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை.

அலங்காரத்திற்காக மட்டும் இடும் கோடு, கொடி, பூவேலை ஆகியவற்றிற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் அவற்றிற்கு மாற்றுரை வெறுமை என்று குறிப்பாகவே அறிவித்துவிட வேண்டும். அப்போதுதான் கருவி அதனைத் தாண்டிச் செல்லும். ‘வாங்குக’ என்ற பொத்தான் படமாக இருந்தால், பொத்தானின் உருவத்தை வருணிக்காமல் அது செய்யும் வேலையைச் சொல்லவேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்பதையும் தளத்தை அமைப்பவர் குறித்துவைக்க வேண்டும். இல்லாவிடில் சில கருவிகள் ஆங்கிலக் குரலிற் தமிழைப் படிக்க முயன்று இடர்ப்படும்.

கோப்பின் பெயரைப் பொறுத்தவரை சிக்கல் ஒன்றுண்டு. தமிழெழுத்திற் பெயரிட்டால், இணைய முகவரியிற் சில வேளைகளில் அது சதவீதக் குறிகள் நிரம்பிய நீண்ட கோவையாக மாறிவிடுகிறது. ஆதலால் ரோமன் சிற்றெழுத்தில், ‘சின்னாளபட்டி-சுங்குடி-அரக்கு-2025’ என்பதுபோல் சொற்களுக்கிடையே சிறுகோடிட்டு எழுதுவது இப்போதைக்கு வசதி. மாற்றுரையைத் தமிழிலேயே எழுதலாம்; எழுதவும் வேண்டும். விக்கிமீடியா பொதுவகம் 2004-ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் உள்ளோர் தரும் படங்களைத் தொகுத்து வருகிறது. பொருள் விளங்காத பெயரோடு வரும் கோப்புகளுக்கு அங்கே பெயர் மாற்றும் வழக்கம் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியர் 2011-12-இல் ஊடகப் போட்டி நடத்தித் தமிழர் வாழ்வைக் காட்டும் படங்களை அதிற் சேர்த்தனர். ஊதியம் பெறாத தன்னார்வலர் இவ்வளவு ஒழுங்காகச் செய்யும் வேலையை ஊதியம் பெறும் அலுவலர் செய்யலாகாதா?

இயந்திரமே விளக்கம் எழுதித் தருமே என்பர் சிலர். முகநூல் நிறுவனம் 2016-இலேயே அவ்வாறு தானாக எழுதும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று; இன்று அது பன்மடங்கு தேர்ந்திருக்கிறது. சேலை, பெண், தறி என்று அது சொல்லிவிடும். ஆனால் முடிச்சிட்ட புள்ளியையும் அச்சிட்ட புள்ளியையும், எந்தத் தெருத் தறியிலிருந்து இறங்கிய துணி என்பதையும் அது எவ்வாறு அறியும்? தெரியாததையும் தெரிந்ததுபோல் எழுதிவிடும் குணமும் அதற்கு உண்டு. முதற்படி எழுத அதனை ஏவலாம். சரக்கைத் தொட்டுப் பார்த்தவர் திருத்தி ஒப்புக்கொள்ளாமல் எதையும் வெளியிடலாகாது.

இவ்வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதிலேதான் சங்கங்கள் தடுமாறுகின்றன. தளத்தை அமைத்துத் தரும் ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். அவர் திறமையுள்ளவராக இருக்கலாம். துணியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? இருப்புப் பேரேட்டிற் சரக்கைப் பதிவு செய்யும் அலுவலரே நூலின் நம்பர், நிறம், கரை, அளவு, நெய்தவர் பெயர் யாவும் அறிந்தவர். பேரேட்டில் எழுதும் அதே வேளையிற் படத்தின் பெயரையும் இரண்டு வரி விளக்கத்தையும் அவரே எழுதிவிட்டால், ஒரு படத்திற்கு இரண்டு நிமிடத்திற்கு மேற் செல்லாது. நெய்தவரின் பெயரையோ முகத்தையோ வெளியிடுமுன் அவருடைய சம்மதத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒப்பந்தக்காரரோடு எழுதும் உடன்படிக்கையில், மாற்றுரையின்றிப் படம் ஏற்றலாகாது என்று ஒரு நிபந்தனையைச் சேர்ப்பது நிர்வாகக் குழுவின் கடமை. நாம் ஆய்வுக் குறிப்பில் இதனை எழுதத் தொடங்கிவிட்டோம். சில காரியதரிசிகளுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது.

பழைய படங்கள் அனைத்தையும் ஒரே நாளில் திருத்திவிடல் இயலாது. விற்பனையிலுள்ள சரக்கின் படங்களையும், நடப்பு ஆண்டின் அறிவிப்புகளையும் முதலில் எடுத்துக்கொள்ளலாம். திருத்தியபின் சோதிப்பதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை. கைப்பேசியில் டாக்பேக்கை இயக்கி, சங்கத்தின் பக்கத்தைத் திறந்து, கைப்பேசியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிர்வாகக் குழுவினர் அனைவரும் கேட்கட்டும். மகாசபை நடக்கும் தேதியும், விற்பனைக்குள்ள சேலையின் நிறமும் விலையும் காதில் விழுகின்றனவா என்று பார்க்கட்டும். அங்கத்தினருள் பார்வையற்றவர் இருந்தால் அவரையும் அக்கூட்டத்திற்கு அழைத்து, அவர் சொல்லும் திருத்தங்களைத் தீர்மானப் புத்தகத்திற் பதிந்துகொள்வது உத்தமம்.